ரேகை தெரிய நிறம் ஏற்றுதல்

உடலை அறுத்து, இழைத்து, ஓரங்களை உருட்டி முடித்தாயிற்று. கழுத்து அதன் குழியில் ஆடாமல் உட்காருகிறது. பிக்கப் குழிகளும் கம்பி போகும் துளைகளும் தயார். இனி நிறம். மரத்தின் ரேகை மறையாமல் நிறம் ஏற்றும் வேலையை மட்டும் இந்த அத்தியாயத்தில் பார்க்கிறோம். கெட்டி பெயிண்ட் அடிப்பது வேறு வேலை. அதில் பள்ளம், கீறல், பசைக் கறை எல்லாவற்றையும் லப்பம் வைத்து மூடிவிடலாம். இங்கே லப்பத்துக்கு இடமே இல்லை.

ஒளி ஊடுருவும் பூச்சில் வெளிச்சம் நிறத்தைக் கடந்து மரத்தைத் தொட்டு, மீண்டும் அதே நிறத்தைக் கடந்துதான் நம் கண்ணுக்கு வருகிறது. நிறம் இருமுறை வேலை செய்கிறது. அதனால் பூச்சு ஓரிடத்தில் கொஞ்சம் தடித்தாலும் அங்கே சட்டென்று கறுத்துத் தெரியும். அடியில் இருக்கும் மரத்தின் சொந்த நிறமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். வெளிறிய மேப்பிளில் நீலமாகத் தெரியும் சாயம், மஞ்சளான பலா மரத்தில் பச்சையாகிவிடும். டப்பாவின் மூடியில் உள்ள நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆகவே சோதனைத் துண்டு. உடலை அறுத்தபோது விழுந்த மிச்சங்களைத் தூக்கி எறியாதீர்கள். அதே பலகையின் துண்டுகளில், உடலுக்குச் செய்யப்போகும் ஒவ்வொரு படியையும் அதே வரிசையில் செய்து பாருங்கள்: அதே எண் உப்புத்தாள், அதே சாயம், அதே சீலர், அதே மேற்பூச்சு. சாயத்தை மட்டும் தடவிப் பார்த்து மனநிறைவு அடைந்துவிடக் கூடாது. காய்ந்த சாயம் சாம்பல் பூத்ததுபோல் மங்கித் தெரியும். தெளிந்த பூச்சு ஏறிய பிறகுதான் உண்மையான நிறம் எழும். துண்டின் பின்பக்கம் அளவுகளைப் பென்சிலால் எழுதிவையுங்கள். சாயம் எத்தனை கிராம், தண்ணீர் எவ்வளவு, எத்தனை முறை தடவியது என்பதெல்லாம் அடுத்த வாரம் நினைவில் இருக்காது. இந்தத் துண்டுகளுக்குச் செலவிடும் நேரம்தான் இந்த வேலையிலேயே மிகவும் பயனுள்ள நேரம் என்பது என் உறுதியான கருத்து.

மரத்துக்கு ஏற்ற நிறம்

கிப்சன் நிறுவனம் மகாகனி உடலின் மேல் மேப்பிள் ஒட்டியது. ஃபெண்டர் முதலில் ஆஷ் மரத்தையும், 1956 முதல் பெரும்பாலும் ஆல்டரையும் எடுத்துக்கொண்டது. நம் ஊர் மரக்கடையில் பலா, மகாகனி, தேக்கு, வேங்கை, மலைவேம்பு போன்றவைதான் கிடைக்கும். இவற்றில் எதிலும் நல்ல கிட்டார் செய்யலாம். ஆனால் நிறத்தை மரத்தைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலா மஞ்சளாகத் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக முதிரும். தஞ்சாவூர் வீணைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். தேன் நிறம், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு ஆகியவை இதில் அருமையாக அமையும். நீலம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் வேறு மரம் தேடுங்கள். மகாகனி இயல்பிலேயே சிவந்தது. செர்ரிச் சிவப்புக்கு அதைவிடப் பொருத்தமான மரம் இல்லை.

வேங்கையில் எச்சரிக்கை வேண்டும். வேங்கை மரக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நீர் நிறம் மாறுவதைப் பலர் வீட்டில் பார்த்திருப்பார்கள். அதே குணம் இங்கே தொல்லையாகும். தண்ணீர்ச் சாயம் தடவும்போது மரத்தின் சாறும் வெளியே வந்து கலக்கும். ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தின் சாறோ ஸ்பிரிட்டிலும் தின்னரிலும் கரையும். ஈட்டிக்குப் பக்கத்தில் வெளிறிய மரம் ஒட்டியிருந்தால் ஒரே துடைப்பில் ஊதாக் கறை அதன் மேல் இழுபட்டுவிடும். தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால், பூச்சு ஏற்றும் முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, ஆவியானவுடனேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

அலைரேகை ஓடும் மேப்பிள் வேண்டுமென்றால் மெல்லிய வெனீர்த் தாளாக வாங்கி முகப்பில் ஒட்டிக்கொள்ளலாம். அது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தடிமனே இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் அடிமரம் வெளியே வந்துவிடும்.

தேய்ப்பு

உடல் முழுவதையும் 80, 120, 180, 220 என்று வரிசையாக உப்புத்தாளால் தேய்த்து வாருங்கள். எந்த எண்ணையும் தாண்டிக் குதிக்க வேண்டாம். 80 விட்ட கீறலை 220 அழிக்காது. அதன் பளபளப்புக்கு அடியில் கீறல் ஒளிந்திருக்கும், சாயம் பட்டதும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். தட்டையான இடங்களில் தாளைக் கட்டையில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்த சுவடு எவ்வளவு லேசாக இருந்தாலும் சாயம் காட்டிக்கொடுக்கும்.

220இல் நிறுத்திக்கொள்வது நல்லது. 400, 600 என்று போனால் மரத்தின் முகம் மூடிப்போய்ச் சாயத்தைக் குடிக்காது. ஒரே விதிவிலக்கு, நார் முடியும் வெட்டுமுகம். உடலின் இரு கொம்புகளின் நுனியும் அடிப்பக்கமும் இப்படிப்பட்டவை. அங்கே நார்க்குழாய்கள் வாய் திறந்திருப்பதால் சாயத்தை உறிஞ்சிக் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அந்த இடங்களை மட்டும் 320, 400 வரை கொண்டுபோனால் நிறம் ஓரளவு சமமாகும். சாயம் தடவுவதற்குச் சற்று முன் வெட்டுமுகத்தை வெறும் தண்ணீரால் நனைத்துவிடுவதும் உதவும்.

அடுத்து, ஈரத்துணியால் உடல் முழுவதும் துடைத்து ஓர் இரவு காயவிடுங்கள். நார்கள் சிலிர்த்து எழுந்திருக்கும். அவற்றைப் புதிய 220 தாளால் மிக லேசாகத் தட்டிவிட்டால் போதும். இதை இப்போது செய்யாவிட்டால் தண்ணீர்ச் சாயம் பட்டதும் நார்கள் எழும், அப்போது தேய்த்தால் சாயமும் சேர்ந்து போகும்.

இந்த ஈரத் துடைப்பில் இன்னொரு பயனும் உண்டு. பலகைகளை ஒட்டியபோது பிதுங்கி வழிந்த பசை எங்கேயாவது தங்கியிருந்தால், ஈரத்தில் மற்ற இடங்கள் கறுக்க அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். பசை ஏறிய மரம் சாயத்தைத் துளியும் ஏற்காது. அதைச் சுரண்டி, மீண்டும் தேய்த்து, மீண்டும் நனைத்துப் பாருங்கள். நிறம் ஏறிய பின் பசைக் கறையைச் சரிசெய்ய வழியே இல்லை.

சாயமா, நிறமியா

சாயம் கரைப்பானில் முழுக்கக் கரைந்து நாருக்குள் போகும். நிறமி, அதாவது காவி போன்ற பொடி, கரையாமல் மிதந்து துளைகளிலும் கீறல்களிலும் போய்ப் படியும். ரேகை சுடர்விட வேண்டுமென்றால் சாயம்தான். கடையில் 'வுட் ஸ்டெயின்' என்று விற்கும் பல டப்பாக்களில் இரண்டும் கலந்திருக்கும். குலுக்காமல் வைத்த டப்பாவின் அடியில் குச்சியை விட்டுப் பாருங்கள். சேறுபோல் ஒட்டிக்கொண்டு வந்தால் அதில் நிறமி அதிகம்.

மஞ்சள் பொடியையும் பீட்ரூட் சாற்றையும் வைத்து முயன்று பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். பீட்ரூட் அதைவிட மோசம். ரசாயனச் சாயங்களிலும் வெளிச்சத்துக்குத் தாங்காதவை இருக்கின்றன. 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கிட்டார்களில் விளிம்பைச் சுற்றிப் பூசிய செர்ரிச் சிவப்பு, வெளிச்சம் பட்டுப் பட்டு வெளிறிப்போனது. இன்று அவற்றில் சில தேநீர் நிறத்தில் இருக்கின்றன, சில வெறும் எலுமிச்சை மஞ்சளாகிவிட்டன. சேகரிப்பாளர்கள் அந்த வெளிறலையும் விரும்பிப் பெரும் விலை கொடுக்கிறார்கள் என்பது வேறு. நீங்கள் வாங்கும்போது உலோக அணைவுச் சாயம் (மெட்டல் காம்ப்ளக்ஸ்) என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண அனிலின் சாயங்களைவிட அது வெளிச்சத்தைத் தாங்கும். எந்தச் சாயமானாலும், சோதனைத் துண்டில் பாதியை அட்டையால் மூடி மொட்டைமாடி வெயிலில் இரண்டு வாரம் போட்டுவையுங்கள். பிறகு அட்டையை எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

நிறத்தை ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. மரத்துக்குள் சாயத்தை ஏற்றி, மேலே தெளிந்த பூச்சு கொடுப்பது ஒன்று. நிறமில்லாத மரத்தின் மேல், நிறம் கலந்த பூச்சைக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது வழி மிகப் பழையது. பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் உள்ள ஐந்து ஸ்ட்ராடிவாரி கருவிகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மரத்தில் முதலில் எண்ணெய் ஏறியிருக்கிறது. அதன் மேல் எண்ணெயும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு. சில கருவிகளில் சிவப்பு நிறமி அந்த மேற்பூச்சுக்குள் இருந்தது. தொழிற்சாலைகள் நிறம் கலந்த லாக்கரை ஸ்ப்ரே கன்னால் அடிக்கின்றன. சீராக அடிக்கக் கை பழகியவர்களுக்கு அது நல்ல வழி. தூரிகையிலோ துணியிலோ நிறப்பூச்சு கொடுத்தால் இழுப்புத் தடங்கள் எல்லாம் வரிவரியாகத் தெரியும். வீட்டில் முதல் கிட்டார் செய்பவருக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். கம்ப்ரசர் வேண்டாம், ஒரு பருத்தித் துணி போதும், பிழையும் குறைவு.

சாயம் தடவுதல்

100 மில்லி தண்ணீருக்கு 1 கிராம் தண்ணீர்ச் சாயப் பொடி என்று தொடங்குங்கள். வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். கரையாத ஒரு பொடித் துணுக்கு முகப்பில் பட்டால் வால்நட்சத்திரம்போல் ஒரு கோடு இழுத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரே நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால், துவர்ப்புச் சத்து உள்ள மரங்களில் அது சாம்பல் கறையை உண்டாக்கும். நிறம் தேவைக்கு மேல் வெளிறி இருக்கும்படியே கலக்குங்கள். வெளிறியதை இன்னொரு முறை தடவி ஆழமாக்கலாம். ஆழமானதை வெளிறச் செய்வது கடினம்.

கழுத்துக் குழியில் ஒரு நீளக் கட்டையைத் திருகிக் கைப்பிடியாக்கிக்கொள்ளுங்கள். அப்போது உடலைத் தொடாமலே திருப்பலாம், கொக்கியில் தொங்கவிடலாம். கையுறை போட்டு, நூல் பிரியாத பழைய பருத்தித் துணியை மடித்து நனைத்து, ஒரு பக்கத்தை முழுதாக, நிறுத்தாமல் தடவி முடியுங்கள். தாராளமாக நனைய வேண்டும். பாதியில் நின்றால் காய்ந்த விளிம்பு கோடாக நிற்கும். நனைந்தபடி ஒரு நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் ரேகையின் திசையில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். ஓர் இரவு காயட்டும்.

மேப்பிளில் அலைரேகை துள்ளி எழ ஒரு பழைய உத்தி உண்டு. முதலில் கறுப்பையோ அடர் பழுப்பையோ நீர்க்கக் கரைத்துத் தடவி, நன்றாகக் காய்ந்த பின் 220 தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். நார் மேலே வளைந்து முடியும் அலைகளில் மட்டும் கறுப்பு ஆழமாக இறங்கித் தங்கிவிடும்; மற்ற இடம் வெளுத்துவிடும். அதன் மேல் உங்கள் நிறத்தைத் தடவினால் ரேகை அசைவதுபோல் தெரியும். வெனீராக இருந்தால் இந்தத் தேய்ப்பில் மிகுந்த நிதானம் வேண்டும். பலாவிலும் மகாகனியிலும் இது பலன் தராது.

நடுவில் மஞ்சளாகவும் விளிம்பில் கறுத்தும் மறையும் சன்பர்ஸ்டைக் கையாலும் செய்யலாம். முகப்பு முழுவதும் மஞ்சள் தடவி, ஈரம் காயும் முன் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிவப்பு, பிறகு விளிம்பில் மட்டும் பழுப்பு. இரண்டு நிறம் சேரும் இடத்தை மஞ்சள் நனைத்த துணியால் வட்டமாகத் தேய்த்துக் கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்ப்ரேயில் வருவதுபோல் அத்தனை மென்மையாக வராது. ஆனால் கையால் செய்ததற்கென்று ஓர் உயிர் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும்.

சாயத்தைப் பூட்டுதல்

இந்த அத்தியாயத்தில் ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சாயம் எதில் கரைந்ததோ, அதே கரைப்பான் உள்ள பூச்சை அதன் மேல் நேராகத் தடவக் கூடாது. ஸ்பிரிட் சாயத்தின் மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியால் இழுத்தால் சாயம் முழுக்கக் கரைந்து துணியோடு வந்துவிடும். தண்ணீர்ச் சாயத்தின் மேல் தண்ணீர் பூச்சுக்கும் அதே கதி. தண்ணீர்ச் சாயம், அதன் மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, அதன் மேல் நீங்கள் விரும்பும் பூச்சு என்ற வரிசையில் இந்தத் தொல்லை வராது.

கடையில் செல்லாக் என்று கேட்டால் தரும் அவலரக்கு நம் நாட்டுப் பொருள்தான். புரசு, இலந்தை, குசும் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரப்பது; ஜார்க்கண்டில் அதிகம் விளைகிறது. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் அவலரக்கு போட்டு ஓர் இரவு ஊறவைத்தால் மெல்லிய கரைசல் கிடைக்கும். மேலே பாலியூரித்தேன் பூசுவதாக இருந்தால் மெழுகு நீக்கிய அரக்கு வேண்டும். மெழுகின் மேல் அது சரியாகப் பிடிக்காது. மரத்தில் நீலச் சாயம் என்றால் வெளுத்த அரக்கு வேண்டும், ஆரஞ்சு அரக்கு நீலத்தைப் பச்சை ஆக்கிவிடும். கரைத்து மாதக்கணக்கில் வைத்த அரக்கு கெட்டியாகக் காயாது. சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிட்டில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருக்கும். ஜன்னல்களைத் திறந்து, கையுறையோடு, அடுப்பு எரியாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

துணியை அரக்கில் நனைத்துப் பிழிந்து, ஒரே இழுப்பாகத் தடவுங்கள். முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். இரண்டு மெல்லிய பூச்சு போதும்.

மகாகனி, தேக்கு, வேங்கை போன்ற துளை திறந்த மரங்களில் கண்ணாடி மட்டமான முகம் வேண்டுமென்றால், இந்த அரக்குக்குப் பிறகு துளைகளை நிரப்ப வேண்டும். மரத்தைவிட ஒரு படி கறுத்த நிரப்பியைத் தேர்ந்தெடுத்து, ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்து நிரப்பி, மிச்சத்தை வழித்தெடுங்கள். வெறும் சாக் பொடியை நிரப்பியாக்கினால் சிவப்பு மகாகனியில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்ததுபோல் இருக்கும். காவி கலந்தே ஆக வேண்டும். துளைகள் திறந்தே இருக்கட்டும் என்று விடுவதும் அழகுதான். மேப்பிளுக்கு நிரப்பியே தேவையில்லை.

மேற்பூச்சு

பிரையன் மே தம் தந்தை ஹரால்டுடன் 1963இல் செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரை நினைவில் வையுங்கள். பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து எடுத்த மகாகனிதான் அதன் கழுத்து. பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். கழுத்தின் மேல் ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங் என்னும் மரப்பூச்சைப் பல முறை பூசினார்கள். பெரிய பட்டறை இல்லாமல் வீட்டில் செய்த கருவிதான் குவீன் இசைக்குழுவின் பாடல்களில் உலகெங்கும் ஒலித்தது.

நமக்கும் துணியால் பூசும் பாலியூரித்தேன் வார்னிஷ் போதும். அதை மினரல் டர்பன்டைனோடு சம அளவு கலந்து நீர்க்கச் செய்து, மெல்லியதாக ஆறிலிருந்து எட்டுப் பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள் காயவிட்டு, 400 தாளால் லேசாகத் தடவி, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்தது. முதல் இரண்டு பூச்சுக்கு மட்டும் தாளைத் தொடாதீர்கள்; விளிம்பில் பூச்சும் அரக்கும் சாயமும் ஒன்றாகப் போய்விடும். இந்த வார்னிஷ் சற்று மஞ்சள் பூக்கும். நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அரக்கு இருப்பதால் சாயம் கரையாது.

என்.சி. லாக்கர் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் ஒவ்வொரு பூச்சும் முந்தையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும், பழுதுபார்க்க எளிது. ஆனால் தின்னர் ஆவியாகும்போது முகம் குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுப்பதால், மழைநாளில் பூச்சு பால்போல் வெளுக்கும். கடலோர ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை லாக்கர் வேலையைத் தள்ளிப்போடுவதே மேல். ஆவி முகமூடியில்லாமல் தொடவே வேண்டாம். தூசிக்குப் போடும் துணி முகமூடி இதற்கு உதவாது.

எந்தப் பூச்சானாலும் கழுத்துக் குழியையும் விரல் பலகையையும் டேப் ஒட்டி மூடிவையுங்கள். குழியில் பூச்சு ஏறினால் கழுத்து முன்போல் உட்காராது. எண்ணெய்ப் பூச்சு பட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். ஆளி விதை எண்ணெய் உள்ள பூச்சுகளின் துணி, குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

மூன்று நான்கு வாரம் கழித்து, வார்னிஷ் வாடை முழுக்க நின்ற பின் மெருகு ஏற்றலாம். 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரை, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் நனைத்து, கட்டையில் சுற்றித் தேய்த்து, பிறகு கார்களுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் துணிகொண்டு பளபளப்பாக்குங்கள். விளிம்புகளைக் கட்டையால் தொடாதீர்கள், கையால் இரண்டு தடவு போதும். திருகு துளைகளில் மெழுகு அடைத்துவிட்டே ஈரத் தேய்ப்பு செய்யுங்கள்; துளைக்குள் தண்ணீர் போனால் மரம் உப்பி, துளையைச் சுற்றிப் பூச்சு விரிசல் விடும்.

மெருகு ஏற்றிய பின்னும் பூச்சு உள்ளுக்குள் இறுகிக்கொண்டுதான் இருக்கும். முதல் சில வாரம் கிட்டாரைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். லாக்கர் அடித்திருந்தால், எப்போதுமே, ரப்பர் உறையிட்ட தாங்கியில் நிறுத்தும் முன் அந்த ரப்பரின் மேல் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள், ரப்பரும் என்.சி. லாக்கரும் வினைபுரிந்து, தொட்ட இடத்தில் பூச்சு இளகித் தழும்பு விழும்.